ஒன்று புள்ளி ஆறு

என்னுடைய நம்பர் ஒன்றை வைத்துக்கொண்டு என் அக்கா அற்புதமேரி தன் புருஷனை மூன்று வாரம் வறுத்தெடுத்தாள். ஒன்று புள்ளி ஆறு. ரத்தம் எவ்வளவு கெட்டியாக ஓடுகிறது என்று சொல்லும் நம்பர் அது. ஒன்று புள்ளி ஆறு என்றால் உனக்கு ஒரு கேடும் இல்லை, எழுந்து வேலைக்குப் போ என்று பொருள்.

1982ஆம் வருஷம். நான் அக்கா வீட்டில் இருந்தேன். புக்கிட் மேராவில் மூவறை வீடு, பத்தாவது மாடி. அக்கா, அத்தான் இயேசுதாசன், நான், அவ்வளவுதான். எனக்கு முப்பத்து நான்கு வயது, கல்யாணம் ஆகவில்லை, வாய் நீளம். அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றின் லேப்பில் டெக்னீஷியன். வெள்ளைக் கோட்டுப் போட்டு வேலை பார்க்கிறவள் என்பதால் வீட்டில் என் பேச்சுக்கு அப்பீல் கிடையாது. பால் திரிந்துவிட்டதா என்று பார்க்கக்கூட என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது, பொய் சொல்வானேன்.

அத்தானுக்கு ஜூரோங் பக்கம் ஒரு மீன் கிடங்கில் வேலை. வெளியே ஊர் வெந்துகொண்டிருக்கும். உள்ளே கோல்ட் ரூமில் எந்நேரமும் பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி. பதினோரு வருஷம் பெட்டி தூக்கிய மனிதருக்கு அந்த வருஷம்தான் என்னவோ ஆனது. உள்ளே போன கால் மணி நேரத்தில் விரல்கள் நீலமாகிவிடும். மூக்கில் ரத்தம் வரும். கண்ணில் ஈரக் கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல் ஒரு மங்கல். வெளியே வந்து வெயிலில் அரை மணி நின்றால் எல்லாம் சரியாகிவிடும். வினையே அதில்தான் இருந்தது. டாக்டர் முன்னால் போய் நிற்கும்போது அவர் விரல்கள் அழகாகச் சிவந்திருக்கும்.

ஆள் மேசை வேலைக்கு அடி போடுகிறான் என்று கம்பெனியில் முடிவு கட்டிவிட்டார்கள். அத்தான் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். டாக்டர் பரமசிவம் பொறுமைசாலி, எதையும் சும்மா தள்ளிவிடமாட்டார். ஏழெட்டுப் பரிசோதனை எழுதினார். அதில் ஒன்று பிளாஸ்மா எவ்வளவு கெட்டி என்று அளப்பது. அதைச் செய்கிறவள் லேப்பில் நான் ஒருத்திதான்.

கேட்பதற்குப் பெரிய விஷயமாக இருக்கும், செய்வது எளிது. ரத்தத்தைச் சுழற்றினால் சிவப்பணுக்கள் அடியில் படியும், மேலே மஞ்சள் நீர் நிற்கும். அதுதான் பிளாஸ்மா. லாடம்போல் வளைந்த ஒரு கண்ணாடிக் குழாய், அதன் ஒரு காலில் தலைமுடி நுழையும் அளவுக்கு ஒரு துளை. குழாயை உடம்புச் சூட்டில், முப்பத்தேழு டிகிரியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டியில் நிறுத்த வேண்டும். மேல் கோட்டிலிருந்து கீழ்க் கோட்டுக்கு இறங்க வெறும் தண்ணீருக்கு நாற்பத்திரண்டு விநாடி. பிளாஸ்மாவுக்கு எத்தனை விநாடி என்று பார்த்து அந்த நாற்பத்திரண்டால் வகுத்தால் நம்பர் வந்துவிடும். ஸ்டாப்வாட்ச்சை அழுத்துவதில் என் கட்டைவிரலுக்கு ஈடு கிடையாது என்று எங்கள் தலைமை டெக்னீஷியன் சாகுல் ஹமீது அண்ணனே சொல்வார்.

அத்தானின் ரத்தம் ஒரு வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு வந்தது. மூன்று மணிக்கு மேல் வருவதெல்லாம் ஃபிரிட்ஜுக்குள், மறுநாள் காலையில் வேலை. அது எங்கள் சட்டம், சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. இந்த ஊர் வெக்கையில் எதையும் வெளியே வைத்தால் கெட்டுப்போகும். மீனோ மாவோ ரத்தமோ, காப்பாற்ற வேண்டுமென்றால் குளிரில் வை. சின்ன வயதிலிருந்து கையில் ஊறிய பழக்கம், யாரும் யோசித்துச் செய்வதில்லை.

சனிக்கிழமை காலை எடுத்துச் சுழற்றினேன். சிவப்பணுவுக்கு மேலே வெள்ளையாக, தடிமனாக, ஒரு படலம். முந்தின நாள் மதியம் அத்தான் பிரியாணி சாப்பிட்டது எனக்குத் தெரியும். கொழுப்பு என்று நினைத்துக்கொண்டேன். மேலே தெளிந்து நின்ற நீரை மட்டும் உறிஞ்சி எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தொட்டியில் கொட்டிக் கழுவினேன். அறுபத்தேழு விநாடி. இரண்டாம் முறையும் அறுபத்தேழு. கையெழுத்துப் போட்டேன். சொந்த அத்தானின் ரத்தம் நன்றாக இருக்கிறதே என்று சந்தோஷம் வேறு.

பத்து நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து கம்பெனிக்குக் கடிதம் போய்விட்டது. நோய் எதுவும் இல்லை, மனக்கவலையாக இருக்கலாம், வேலைக்குத் தகுதி. கம்பெனியிலிருந்து அத்தானுக்கு ஒரு கடிதம். இனி ஒரு நாள் நின்றாலும் வேலை இல்லை.

அன்று முதல் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சோற்றோடு என் நம்பரும் பரிமாறப்பட்டது. அத்தான் காலில் கம்பளி உறையோடு உட்கார்ந்திருப்பார். மின்விசிறியை அணைக்கச் சொல்வார். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஒண்ணு புள்ளி ஆறு! என் தங்கச்சியே கைப்பட டெஸ்ட் பண்ணிருக்கா. இன்னும் எதுக்குங்க இந்த வேஷம்?"

"எனக்கு மட்டும் ஆசையா மேரி? விரல் செத்துப் போவுது லா. பெட்டி கைல இருக்கா இல்லையான்னே தெரியல."

"பதினோரு வருஷமா சாகாத விரலு! சோம்பேறித்தனம்னு சொல்லுங்க, ஒத்துக்கிறேன்."

அவர் என்னைப் பார்ப்பார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அத்தான், மொதல்ல பிரியாணியைக் குறைங்க. உங்க ரத்தத்துல அவ்ளோ கொழுப்பு. என் கண்ணால பார்த்தேன்." அக்கா சிரித்தாள். அவரும் கொஞ்சம் சிரித்துவைத்தார். அதன் பிறகு வீட்டில் அவர் விரலைப் பற்றிப் பேசவே இல்லை. இன்றைக்கும் அந்தச் சிரிப்பை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மூன்றாம் வாரம், ஒரு புதன்கிழமை. மதிய இடைவேளையில் சிராங்கூன் ரோட்டுக்குப் போய் அக்காவுக்குத் தேங்காய் எண்ணெய் ஒரு பாட்டில் வாங்கி வந்தேன். லேப்பில் என் மேசையிலேயே வைத்துவிட்டு வேலையில் மூழ்கிவிட்டேன். லேப்புக்கு அந்த வருஷம்தான் ஏர்கான் போட்டிருந்தார்கள், புது மெஷினுக்காக. மெஷினுக்கு ராஜ உபசாரம், எங்களுக்குப் பல் கிட்டிப்போகும். காற்று நேராக என் மேசைமீது அடிக்கும்.

நான்கு மணிக்கு நிமிர்ந்து பார்த்தேன். பாட்டிலில் எண்ணெயைக் காணவில்லை. வெள்ளையாக உறைந்து நின்றது. எங்கள் வீட்டில் தேங்காய் எண்ணெய் உறைந்து நான் பார்த்ததே இல்லை. இந்த ஊரில் எங்கே உறையும்? கையில் எடுத்து இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் பிடித்தேன். ஓரத்தில் கரைய ஆரம்பித்தது. வெள்ளை விலகித் தண்ணீர்போல் தெளிந்தது.

குளிரில் உறைந்து, சூட்டில் கரைவது. குளிரில் நீலமாகும் விரல், வெயிலில் சிவப்பாகும் விரல். ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி இருந்து என் கைக்கு வந்த குழாயில் ஒரு வெள்ளைப் படலம். ரத்தத்தில் குளிர்ந்தால் உறைகிற புரதம் சிலருக்கு உண்டு என்று பயிற்சியில் ஒரே ஒரு வகுப்பில் சொல்லியிருந்தார்கள். ரொம்ப அபூர்வம், பரீட்சைக்கு வராது என்றும் சொல்லியிருந்தார்கள். நான் நோயைத் தனியாகப் பிரித்துத் தொட்டியில் கொட்டிவிட்டு, மிச்சத்தை அளந்து நல்ல ரத்தம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

நேராக சாகுல் ஹமீது அண்ணனிடம் போனேன். அவர் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

"ஆனிம்மா, எண்ணெய் பாட்டிலை வச்சு ரிப்போர்ட்டை மாத்துவியா? டாக்டர் ஃபார்ம் இல்லாம ஒரு சொட்டு ரத்தம் எடுக்க முடியாது. அந்தக் கேஸ் மூடியாச்சு."

"மூடினது என் கையெழுத்துண்ணே. அது தப்பு."

"ஃபிரிட்ஜ்ல வைக்கச் சொன்னது என் கையெழுத்து." சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். "உன்னுது தப்புன்னா எல்லாம் தப்பு. எனக்கு ரெண்டு வருஷம்தாம்மா இருக்கு, அப்புறம் வீடு. ஒரு நாள் பொறு. யோசிப்போம்."

நான் பொறுத்தேன். அவர்மேல் பழி போட்டுத் தப்பிக்கலாம், ஆனால் உண்மை அதுவல்ல. பொறு என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று எனக்கே இருந்தது. எழுதிக் கொடுத்தால் விசாரணை வரும். லேப்பில் இத்தனை வருஷம் தலை நிமிர்ந்து நடந்தவள் நான்.

அன்று சாயங்காலம் வீட்டில் அத்தானிடம், "நாளைக்கு ஒரு நாள் லீவு போடுங்க அத்தான்" என்றேன்.

அக்கா சட்டென்று திரும்பினாள். "ஏன்டி? லெட்டரைப் படிச்சல்ல? ஒரு நாள் நின்னா வேலை போச்சு. நீதானே ஒண்ணும் இல்லன்ன?"

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். என் நாக்கு எதற்கெல்லாமோ நீளும், அன்று மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "சும்மாதான், டயர்டா இருக்கீங்களேன்னு" என்றேன். அத்தான் என் தலையைத் தட்டினார். "பரவாயில்லம்மா. நீ நல்லாத்தான் பார்த்திருப்ப" என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலைக்கான கம்பளி உறையை எடுத்து வைத்தார்.

மறுநாள் வியாழக்கிழமை. சாயங்காலம் அத்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். செருப்பை விட்ட இடத்தைக் காலால் தேடினார். "இடது கண்ணுல லைட்டை அணைச்ச மாதிரி இருக்கு மேரி. வெயில்ல நின்னும் சரியாகல" என்றார். அக்கா வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"திட்டாதக்கா. அந்த நம்பர் தப்பு. என் தப்பு."

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அத்தானைக் கூட்டிக்கொண்டு டாக்டர் பரமசிவத்தின் அறை வாசலில் நின்றேன். லேப்காரர்கள் அங்கே வருகிற வழக்கமில்லை, நர்ஸ் தடுத்தாள். அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். எண்ணெய் பாட்டிலிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் எழுந்து வந்து அத்தானின் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினார்.

"மிஸ் ஆனி, உங்க முதல் ரிசல்ட்டை நான் ஏன் நம்பினேன் தெரியுமா? சொந்தக்காரங்களே ஒண்ணும் இல்லன்னு எழுதிருக்காங்களே, இதைவிட நேர்மை என்ன வேணும்னு நினைச்சேன். இப்ப அதே ஆள் வந்து நோய் இருக்குன்னு சொல்றீங்க. சொந்தக்காரருக்கு வேலை போகாம இருக்க சொல்றாங்கன்னுதான் கம்பெனி சொல்லும்."

எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னதில் ஓட்டையே இல்லை. என் பொய் செல்லும், என் உண்மை செல்லாது. அந்தப் பொறியை நானே செய்து நானே உள்ளே போய் உட்கார்ந்திருந்தேன்.

"நான் என்ன செய்யணும் டாக்டர்?"

"நீங்க குழாயைத் தொடக்கூடாது. சாகுல் ஹமீது அளக்கட்டும். முதல் ரிசல்ட் எப்படித் தப்பாச்சுன்னு ரைட்டிங்ல குடுங்க, ஃபிரிட்ஜ், வெள்ளைப் படலம், கொட்டினது, எல்லாம். அது இருந்தாத்தான் நான் ஃபைலைத் திறக்க முடியும். எழுதினா விசாரணை வரும், அதைத் தடுக்க என்னால முடியாது."

அங்கேயே நின்றபடி எழுதினேன். பாதிப் பக்கம்தான் வந்தது. மனப்பாடம்போல் வந்தது, ஒரு அடித்தல்கூட இல்லை. டாக்டர் படித்துவிட்டுப் புது ஃபார்ம் ஒன்றில் எழுதிக் கொடுத்தார்.

காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போதே சமையலறையில் இருந்த பூப்போட்ட சுடுதண்ணீர்க் குடுவையைக் கையோடு கொண்டுவந்திருந்தேன். அதில் முப்பத்தேழு டிகிரியில் வெதுவெதுப்பான தண்ணீர் பிடித்தோம். ஊசியையும் குழாயையும் நர்ஸ் சூடாக்கி வைத்தாள். அத்தானின் கையிலிருந்து எடுத்த ரத்தம் நேராகக் குடுவைக்குள் போனது. தாழ்வாரம் முழுக்கக் குடுவையைக் கைக்குழந்தைபோல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தேன். தெரிந்தவர்கள் சிரித்தார்கள், சூப்பா ஆனி என்று ஒருத்தி கேட்டாள்.

சாகுல் ஹமீது அண்ணன் ஃபார்மையும் என் அரைப்பக்கத்தின் நகலையும் படித்தார். போய் ஏர்கானை அணைத்தார். சுழற்றும் மெஷினில் சுடுதண்ணீர் ஊற்றிச் சூடாக்கினார். இந்த முறை சிவப்பணுவுக்கு மேல் வெள்ளைப் படலம் இல்லை. பிளாஸ்மா மட்டும், ஆனால் குழாயைச் சாய்த்தால் சோம்பலாகச் சாய்ந்தது. நான் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

மேல் கோட்டைத் தாண்டியதும் அவர் ஸ்டாப்வாட்ச்சை அழுத்தினார். நாற்பத்திரண்டு விநாடியில் அது கோட்டிலிருந்து சற்றே கீழே இருந்தது. அறுபத்தேழு விநாடி ஆயிற்று. என் பழைய நம்பர் கடந்துபோவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு நிமிஷம். மூன்று நிமிஷம். அண்ணனின் உதடு அசைந்துகொண்டிருந்தது. இறங்கு, இறங்கு என்று என் மனசு கெஞ்சியது, இறங்காதே, காட்டிக்கொடு என்றும் கெஞ்சியது. நான்கு நிமிஷம் இருபது விநாடியில் கீழ்க் கோட்டைத் தொட்டது.

ஆறு புள்ளி இரண்டு.

மிச்சமிருந்த பிளாஸ்மாவை அவர் ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு ஃபிரிட்ஜில் வைத்தார். இருவரும் எதிரே நின்றோம். திறந்தபோது அது வெள்ளையாக உறைந்திருந்தது. அண்ணன் அதைக் கவிழ்த்துப் பார்த்தார், சொட்டுக்கூட விழவில்லை. "யா அல்லா" என்றார். பிறகு சுவரில் இருந்த தாளைக் கிழித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "எத்தனை பேர் ரத்தத்தை இப்படி வச்சிருப்போம் ஆனிம்மா?" என்று கேட்டார். நான் பதிவேட்டை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன்.

அன்று மதியமே அத்தானை வார்டில் சேர்த்தார்கள். ரத்தத்தை எடுத்து, கெட்டியான பிளாஸ்மாவை மட்டும் நீக்கிவிட்டு, அணுக்களைத் திரும்ப ஏற்றினார்கள். பை பையாக, நாலைந்து நாள் நடந்தது. தலைபாரம் போனது, மூக்கில் ரத்தம் நின்றது. இடது கண் மட்டும் திரும்பவில்லை. கண்ணுக்குப் பின்னால் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது, வியாழக்கிழமை நடந்தது அது என்றார் டாக்டர். புதன்கிழமை சாயங்காலம் நான் வாயைத் திறந்திருந்தால் என்று அவர் சொல்லவில்லை. அதை நானே தினமும் சொல்லிக்கொள்கிறேன்.

விசாரணையில் ஆறு மாதத்துக்கு என் கையெழுத்துச் செல்லாது என்றார்கள். குப்பிகளைக் கழுவும் வேலை கொடுத்தார்கள். அது வலிக்கவில்லை. வலித்தது வேறு.

ஐந்தாம் நாள் வார்டுக்குப் போனேன். அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே வரமாட்டேன், அவர் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று அழுதாள். அத்தான் தலையணையில் சாய்ந்திருந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அவர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"உன்மேல கோவம் இல்லம்மா. ஒண்ணு சொல்லணும், மேரிகிட்ட சொல்லாத. நீ நம்பர் சொன்ன அந்த வாரம் நான் கோயிலுக்குப் போய் ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணேன்."

"எதுக்கு அத்தான்?"

"நோய் இல்லாம நோய்னு சொல்றேன், வேலைக்குச் சோம்பல் படுறேன்னு. டெஸ்ட்ல ஒண்ணும் இல்லையே. நீ பொய் சொல்லமாட்ட. அப்ப நான்தானே பொய் சொல்றேன்? எனக்கே எம்மேல சந்தேகம் வந்துடுச்சு." வலது கண்ணால் என்னைப் பார்த்தார். "ஃபாதர் செபமாலை உருட்டி அம்பத்துமூணு மணி செபத்தை மூணு தடவை சொல்லச் சொன்னார். வீட்ல சொன்னா மேரி ஏன்னு கேப்பா. அதனால கோல்ட் ரூம் உள்ளயே, பெட்டி அடுக்கிட்டுப் போய் ஓரமா நின்னு சொன்னேன். விரல்ல மணி தட்டுப்படல ஆனி. எத்தனாவது மணின்னே தெரியல. குறைஞ்சிடுமோன்னு பயந்து மறுபடி மறுபடி மொதல்லேருந்து ஆரம்பிச்சேன். மூணு வாரமா அதைத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். முடிச்சேனான்னு இப்பவும் தெரியல."

என்னால் அங்கே உட்காரவும் முடியவில்லை, எழுந்து ஓடவும் முடியவில்லை. போர்வைமேல் கிடந்த அவர் கையை எடுத்து இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டேன். விரல்கள் வெதுவெதுப்பாகச் சிவந்திருந்தன.

"முடிச்சிட்டீங்க அத்தான்" என்றேன். அளந்து பார்க்காமல் என் வாழ்க்கையில் நான் கொடுத்த ஒரே ரிசல்ட் அது. அவர் அதையும் நம்பினார்.